மூச்சுக்கு மெஷின் இருக்கு... எலும்புக்கு? கொடைக்கானல் மலைக் குடும்பங்களுக்கு ஒரு கைடு

மூச்சுவிட மெஷின் உதவி தேவைப்படும் குழந்தை இருக்கிற வீட்டில் எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்தில்தான் இருக்கும். விரலில் மாட்டியிருக்கும் ஆக்ஸிமீட்டர். 95 இருக்கா, 92-க்கு இறங்கிடுச்சா? கரன்ட் போனா பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? சளி அடைச்சிருக்கா? இந்த ஓட்டத்தில் பெரும்பாலும் யாரும் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் குழந்தையின் எலும்பு.

கீழே விழவில்லை, யாரும் அடிக்கவில்லை. டயப்பர் மாற்றும்போதோ, ஸ்வெட்டர் போட்டுவிடும்போதோ தொடை எலும்பு முறிந்துபோகும். ஓடியாடும் பிள்ளைகளுக்கு நடக்காத இந்த விஷயம், நீண்ட நாள் படுக்கையிலேயே இருக்கும் பிள்ளைகளுக்கு நடக்கக்கூடியது. பல நேரங்களில் தடுக்கவும் கூடியது.

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலிலோ பூம்பாறையிலோ மன்னவனூரிலோ இப்படி ஒரு குழந்தை வளர்கிறது என்றால், குளிர், மூடுபனி, வளைவுப் பாதை என்று சில விஷயங்கள் கூடுதலாகச் சேர்ந்துகொள்ளும். உங்கள் தம்பியோ, தங்கையோ, அக்கா குழந்தையோ இந்த நிலையில் இருந்தால், இது உங்களுக்கான கட்டுரை.

யார் இந்தக் குழந்தைகள்?

சிலருக்கு ராத்திரி தூங்கும்போது மட்டும் பைபேப் மாஸ்க் போதும். சிலருக்குக் கழுத்தில் துளை போட்டு டியூப் வைத்து, வென்டிலேட்டர் இணைத்திருப்பார்கள். சிலருக்கு ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் மட்டும்.

காரணங்களும் வேறு வேறு. டூஷேன் தசைச்சிதைவு, எஸ்.எம்.ஏ எனப்படும் முதுகுத்தண்டு தசைநலிவு, தண்டுவடக் காயம், கடுமையான மூளை முடக்குவாதம், ரொம்பக் குறைமாதத்தில் பிறந்ததால் வரும் நாள்பட்ட நுரையீரல் நோய். நோய் எதுவானாலும், எலும்பு விஷயத்தில் இவர்களுக்கு ஒரே மாதிரியான சிக்கல்கள் வருகின்றன.

இது புதுப் பிரச்னை இல்லை. 1928-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், போலியோவால் மூச்சு முடங்கிய 8 வயதுச் சிறுமிக்கு 'இரும்பு நுரையீரல்' என்ற மெஷின் முதன்முதலாகப் பயன்பட்டது. 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, கையால் பையை அழுத்தி அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள். மூச்சு மீண்டது. ஆனால், போலியோவால் அசையாமல் படுத்திருந்தவர்களின் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் போனதையும், சிலருக்குச் சிறுநீரகக் கல் வந்ததையும் அந்தக் காலத்து டாக்டர்கள் கவனித்தார்கள். மெஷின் எவ்வளவோ மாறிவிட்டது. எலும்பின் கணக்கு மாறவில்லை.

எலும்பு ஏன் மெலிகிறது?

*அசைவு இல்லாதது.* எலும்பு உயிருள்ள திசு. பாரம் விழுந்தால் கெட்டிப்படும், பாரம் இல்லாவிட்டால் கரையும். ஜெர்மன் அறுவை சிகிச்சை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே இதைப் புத்தகமாக எழுதினார். விண்வெளியில் எடையில்லாமல் மிதக்கும் வீரர்களுக்கு இடுப்பு போன்ற பாரம் தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவிகிதம் வரை அடர்த்தி குறைகிறது. அவர்கள் வளர்ந்தவர்கள், தினமும் உடற்பயிற்சியும் செய்பவர்கள். நம் வீட்டுக் குழந்தை இன்னும் வளர வேண்டிய எலும்போடு படுத்திருக்கிறது. வாழ்நாளுக்குத் தேவையான எலும்பு அடர்த்தியில் சுமார் 90 சதவிகிதம் 18-20 வயதுக்குள் சேர்ந்துவிடும் என்பதால், இந்த வருடங்கள் ரொம்ப முக்கியம்.

*மருந்துகள்.* டூஷேன் தசைச்சிதைவுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை தசையைக் காப்பாற்றும், எலும்பை மெலிய வைக்கும். நுரையீரல் நீரைக் குறைக்கும் ஃப்ரூசமைடு மருந்து, சிறுநீர் வழியாகக் கால்சியத்தையும் வெளியேற்றும். வலிப்புக்கான ஃபெனிடாய்ன், ஃபீனோபார்பிட்டோன் போன்றவை வைட்டமின் டி-யைக் குறைக்கும். அதற்காக எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. முக்கியமாக ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

*குறைப்பிரசவம்.* கர்ப்பத்தின் கடைசி 3 மாதங்களில்தான் குழந்தையின் எலும்புக்குத் தேவையான கால்சியத்தின் பெரும்பகுதி தாயிடமிருந்து போய்ச் சேர்கிறது. 26, 28 வாரத்தில் பிறக்கும் குழந்தை அந்த வரவு கிடைக்காமலேயே பிறந்துவிடுகிறது.

*சாப்பாடும் வெயிலும்.* மென்று விழுங்குவது கஷ்டம், வெளியே தூக்கிப் போவது அதைவிடக் கஷ்டம். உணவும் வெயிலும் இரண்டுமே குறையும்.

எலும்பு போனால் மூச்சும் குறையும்

'மூச்சே பெரிய பாடா இருக்கு, இதுல எலும்பைப் பத்தி யோசிக்கணுமா?' என்று தோன்றலாம். ஆனால், இரண்டும் தனித்தனி இல்லை.

நுரையீரல் விரிவது விலா எலும்புக் கூட்டுக்குள்தான். அந்தக் கூட்டைத் தாங்குவது முதுகெலும்பு. தசை பலவீனத்தால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைய ஆரம்பித்தால், ஒரு பக்க நுரையீரலுக்கு இடம் குறையும். முதுகெலும்புக் கட்டை ஒன்று நசுங்கினால் வலி வரும். வலி வந்தால் குழந்தை ஆழமாக மூச்சு இழுக்காது, பலமாக இருமாது. சளி தேங்கும். அடுத்தது நிமோனியா.

கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டால் இன்னும் சில வாரம் அசைவே இருக்காது. அதனால் எலும்பு மேலும் மெலியும். இந்தச் சுழலுக்குள் மாட்டாமல் இருப்பதுதான் குறிக்கோள்.

மாஸ்க் போடும் சின்னக் குழந்தைகளுக்கு இன்னொரு விஷயம். வருடக்கணக்கில் மூக்கு, கன்னப் பகுதியை மாஸ்க் அழுத்திக்கொண்டே இருந்தால், வளரும் முகத்தின் நடுப்பகுதி தட்டையாகலாம். மாஸ்க்கை இறுக்கிக் கட்டாமல் இருப்பது, இரண்டு வித மாஸ்க்குகளை மாற்றி மாற்றிப் போடுவது, ஒவ்வொரு செக்கப்பிலும் முகத்தையும் பல்வரிசையையும் பார்க்கச் சொல்வது ஆகியவை உதவும்.

கொடை வெயில்: இருக்கு, ஆனா கிடைக்கல

கொடைக்கானலில் சூரியனுக்குப் பஞ்சமா என்ன? சுமார் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1901-லிருந்து சூரியனைப் பதிவுசெய்து வருகிறது. உயரம் கூடக்கூட புற ஊதாக் கதிரும் கூடும். 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவிகிதம் என்பது பொதுவான கணக்கு. ஆக, வானம் தெளிவாக இருக்கும் நாளில் பழனி அடிவாரத்தைவிடக் கொடையில் வெயில் உறைப்பு அதிகம்.

பிரச்னை வேறு இடத்தில் இருக்கிறது. மழை மாதங்களில் மேகமும் மூடுபனியும் நாள்கணக்கில் விலகாது. குளிருக்காகக் குழந்தைக்குத் தலை முதல் கால் வரை கம்பளி. மெஷின் பிளக்கில் இருப்பதால் கட்டிலும் சுவரோரம். இது போதாதென்று ஒரு தப்பான நம்பிக்கை: 'தினமும் ஜன்னலோரம் வெயில்ல படுக்க வைக்கிறோமே!'

மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் கதகதப்பு தரும். ஆனால், தோலில் வைட்டமின் டி உருவாக்கும் யு.வி.பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஜன்னலைத் திறந்தால்தான் பலன்.

காலை இளவெயில்தான் நல்லது என்பதும் வைட்டமின் டி விஷயத்தில் சரியில்லை. திருப்பதியில் நடந்த ஆய்வில், காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலில்தான் வைட்டமின் டி நன்றாக உருவாவது தெரிந்தது. நம்முடையது போன்ற மாநிறத் தோலுக்கு, வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் நேரமும் வேண்டும்.

சரி, எப்படிப் பண்ணலாம்?

- வானம் தெளிந்த நாளில் மதியத்தை ஒட்டி, கை காலைத் திறந்துவைத்து 10-15 நிமிடத்தில் ஆரம்பியுங்கள். தோல் சிவக்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே கொஞ்சம் கூட்டலாம். மலை வெயில் சீக்கிரம் தோலைச் சுட்டுவிடும்.
- முகத்துக்கு நிழல் கொடுங்கள். வயிறு, மார்பு கதகதப்பாக இருக்கட்டும்.
- கழுத்தில் டியூப் இருந்தால் குளிர்காற்று நேராக உள்ளே போகக் கூடாது. டாக்டர் சொன்ன ஈரப்பத ஃபில்டரை மாட்டுங்கள்.
- மெஷினின் பேட்டரி, சளி உறிஞ்சும் கருவி, கை அழுத்த மூச்சுப் பை மூன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும்.
- குழந்தை சாப்பிடும் மருந்துகளில் வெயிலைத் தாங்க விடாத மருந்து ஏதாவது இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை மாதங்களில் வெயிலை நம்பி இருக்க முடியாது. ஒரு வயதுக்குள் தினமும் 400 ஐ.யூ, அதற்கு மேல் 600 ஐ.யூ வைட்டமின் டி என்பது எல்லாக் குழந்தைகளுக்குமான பொது அளவு. உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்வார்.

ஒரு எச்சரிக்கை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 60,000 ஐ.யூ பாக்கெட்டை 'சத்துப் பவுடர்தானே' என்று வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

தட்டில் என்ன இருக்கணும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020 பரிந்துரைப்படி ஒரு நாளைக்குத் தேவையான கால்சியம்: 1-3 வயதுக்கு 500 மி.கி, 4-6 வயதுக்கு 550, 7-9 வயதுக்கு 650, 10-12 வயதுக்கு 850 மி.கி.

நம் சமையலறையிலேயே வழி இருக்கிறது. 100 கிராம் ராகியில் சுமார் 350 மி.கி கால்சியம். 100 மி.லி பசும்பாலில் சுமார் 120 மி.கி. எள்ளில் 100 கிராமுக்கு 1,200 மி.கி-க்கு மேல் இருந்தாலும், குழந்தை சாப்பிடுவது ஒன்றிரண்டு ஸ்பூன்தான். முருங்கைக்கீரையிலும் நல்ல அளவு உண்டு. ஆனால், பல கீரைகளில் உள்ள கால்சியம் முழுதாக உடம்பில் சேராது. பால், தயிர், மோரில் இருப்பது எளிதில் சேரும்.

கால்சியம் மட்டும் போதாது. எலும்பின் சட்டகமே புரதம்தான். முட்டை, பருப்பு, மீன் என்று முடிந்ததைச் சேருங்கள். குளிருக்கு இதமாக இருக்கும் என்று பிள்ளைக்கு வரக்காப்பி கொடுக்கும் பழக்கம் இருந்தால், அதற்குப் பதிலாக ராகிக் கஞ்சி கொடுக்கலாம்.

டியூப் வழியாகச் சாப்பிடும் குழந்தைக்கு, வடிகட்டிய கஞ்சி மட்டுமே நாள் முழுக்கப் போனால் வயிறு நிறையும், சத்து நிறையாது. எடையைச் சொல்லி, டயட்டீஷியனிடம் ஒரு அட்டவணை வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்குப் பசி அதிகம், எடை வேகமாக ஏறும். எடை கூடினால் மூச்சுக்கும் சுமை, தூக்குபவர் முதுகுக்கும் சுமை.

கால்சியம் மாத்திரையையும் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அசையாமல் இருக்கும் குழந்தைக்கு ஏற்கெனவே சிறுநீரில் கால்சியம் போய்க்கொண்டிருக்கும். தேவைக்கு மேல் கொடுத்தால் கல் உருவாகலாம்.

நிற்க வைக்கலாமா?

பல குழந்தைகளை வைக்கலாம், டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் ஓகே சொன்ன பிறகு. ஸ்டாண்டிங் ஃப்ரேம் என்பது குழந்தையை மார்பு, இடுப்பு, முழங்காலில் தாங்கிப் பிடித்து நிற்க வைக்கும் சட்டகம். எலும்பு அடர்த்திக்கு வாரத்தில் 5 நாள், தினமும் 60 முதல் 90 நிமிடம் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பரிந்துரைக்கிறார்கள். முதல் நாளே அவ்வளவு வேண்டாம். 5 நிமிடத்தில் தொடங்கி, ஆக்ஸிமீட்டரைப் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்லக் கூட்டலாம்.

நிற்கவே முடியாத குழந்தைக்கு, தாங்கு கொடுத்து உட்கார வைப்பது, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, மூட்டுகளை மென்மையாக மடக்கி நீட்டுவது ஆகியவை தோலையும் மூட்டையும் காக்கும். இறுகிய மூட்டை மட்டும் பலம் கொடுத்து நீட்டக் கூடாது.

தூக்குவதில் இருக்கு சூட்சுமம்

- டயப்பர் மாற்றும்போது இரண்டு கணுக்காலையும் பிடித்துத் தூக்காதீர்கள். இடுப்பில் கை கொடுத்து ஒரு பக்கமாகப் புரட்டுங்கள்.
- கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்காதீர்கள். அக்குளில் மட்டும் பிடித்தும் தூக்காதீர்கள். ஒரு கை தோள் பின்னால், ஒரு கை தொடைக்குக் கீழே.
- சட்டை போடும்போது இறுகிய கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். தலை வழியாக மாட்டும் ஸ்வெட்டரைவிட முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டர் நல்லது.
- எடை கூடிய பிள்ளையை இரண்டு பேர் சேர்ந்து தூக்குங்கள். ஒருவர் டியூப்பைக் கவனிக்க வேண்டும்.
- வீல்சேரில் உட்கார வைத்தால் பெல்ட் கட்டாயம். சின்ன மேட்டில் சறுக்கினாலும் விழுவது அந்தக் குழந்தைதான்.

ஊரிலிருந்து பாட்டி, சித்தி, மாமா என்று யார் வந்தாலும், பிள்ளையைத் தூக்குவதற்கு முன் இதைச் சொல்லிக் கொடுங்கள். ஆசையாகத் தூக்கும்போதும் முறியலாம்.

முறிஞ்சதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பேச முடியாத குழந்தை 'வலிக்குது' என்று சொல்லாது. தொட்டால் அழுவது, ஒரு காலை மட்டும் தொட விடாதது, வீக்கம், சூடு, வடிவம் மாறுவது ஆகியவை அறிகுறிகள். அழக்கூட முடியாத குழந்தைக்கு ஆக்ஸிமீட்டரின் இன்னொரு நம்பரைப் பாருங்கள். ஆக்ஸிஜன் சரியாக இருந்தும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட ஏறியே இருந்தால், அது வலியாக இருக்கலாம். முதுகுவலியை 'படுத்தே இருக்கான், அதான்' என்று ஒதுக்காதீர்கள். முதுகெலும்புக் கட்டை நசுங்கியிருக்கலாம்.

சந்தேகம் வந்தால் எண்ணெய் தேய்த்து உருவுவது, நாட்டுக்கட்டு எல்லாம் வேண்டாம். அந்தக் காலைத் தலையணை வைத்து அணைத்து, துணியால் இறுக்கமில்லாமல் கட்டி, அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். கூக்காலிலிருந்தோ மன்னவனூரிலிருந்தோ கிளம்பும் வண்டி ஒவ்வொரு வளைவிலும் குலுங்கும் என்பதால், இந்தக் கட்டு ரொம்ப முக்கியம்.

டூஷேன் பிள்ளைகளுக்குக் கூடுதல் கவனம். விழுந்த பிறகோ எலும்பு முறிந்த பிறகோ, திடீர் மூச்சுத்திணறல், குழப்பம், மயக்கம் வந்தால், எலும்புக்குள் இருக்கும் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். 'பயத்துல அப்படி இருக்கான்' என்று காத்திருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சை தேவை.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

ரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ் பார்ப்பது அடிப்படை. வைட்டமின் டி 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் போதுமானது, 12-க்குக் கீழே குறைபாடு என்று இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் வகுத்திருக்கிறது.

எலும்பு அடர்த்தியைப் பார்க்க டெக்ஸா ஸ்கேன் உண்டு. ஸ்டீராய்டு சாப்பிடும் டூஷேன் பிள்ளைகளுக்கு, ஒன்று முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முதுகெலும்பைப் பக்கவாட்டில் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும் என்பது 2018-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். காரணம், நசுங்கிய கட்டை சில நேரம் வலியே காட்டாது.

முறிவு வந்த குழந்தைக்கு பாமிட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகளை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். எலும்பு கரைவதை இவை குறைக்கும். முதல் டோஸுக்குப் பிறகு காய்ச்சல், உடம்புவலி வரலாம், கால்சியம் இறங்கலாம். அதனால், முன்கூட்டியே வைட்டமின் டி அளவைச் சரிசெய்து, பல்லையும் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் கொடுப்பார்கள்.

மலையிலேயே கிடைக்கும் உதவிகள்

கொடைக்கானலிலிருந்து பழனி சுமார் 65 கிலோமீட்டர், மதுரை சுமார் 120 கிலோமீட்டர். மெஷினோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு விஷயத்துக்கும் இறங்கி ஏற முடியாது. எலும்பு, மூச்சு, நரம்பு என்று எல்லா டாக்டர்களையும் ஒரே பயணத்தில் பார்க்க முன்கூட்டியே நேரம் கேளுங்கள்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சை தருவதும் அடக்கம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவுசெய்யச் சொல்லுங்கள். பள்ளி வயதுப் பிள்ளை என்றால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர், பிசியோதெரபி உதவியை வட்டார வள மையத்தில் கேட்கலாம்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச்சிதைவையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அடையாள அட்டை எடுத்துவிட்டால் பராமரிப்பு உதவித்தொகை, வீல்சேர் போன்றவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மொபைலில் ஃபார்ம் நிரப்பத் தெரிந்த நீங்கள் செய்தால், அம்மா அப்பாவுக்கு இரண்டு நாள் அலைச்சல் மிச்சம்.

கீழேயிருந்து இப்படி ஒரு குழந்தையோடு கொடைக்கு டூர் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஆக்ஸிஜன் தேவை கூடலாம், சில மெஷின்களில் உயரத்துக்கேற்ற செட்டிங்கும் மாற்ற வேண்டும். டாக்டரைக் கேட்காமல் மலை ஏறாதீர்கள்.

ஃபேமிலி குரூப்பில் போட 6 வரி

1. காலைப் பிடித்துத் தூக்காதே, புரட்டு.
2. ஜன்னலைத் திறந்து வெயில் காட்டு.
3. தினமும் பால் அல்லது தயிர், ராகி, ஏதாவது ஒரு புரதம்.
4. பாக்கெட் மருந்து, கால்சியம் மாத்திரை எதுவானாலும் டாக்டரைக் கேள்.
5. நாடித்துடிப்பு காரணமில்லாமல் ஏறினால் உடம்பு முழுக்கத் தடவிப் பார்.
6. அடுத்த செக்கப்பில் கேட்க வேண்டிய கேள்வி: "டாக்டர், இவன் எலும்பு எப்படி இருக்கு?"

இந்த ஆறாவது கேள்வியைப் பெரும்பாலும் யாராவது ஒருவர் கேட்டால்தான் பேச்சே ஆரம்பிக்கும். உங்கள் வீட்டில் அதைக் கேட்பது நீங்களாக இருக்கட்டும்.